அருவிக்குக் கிழக்கே கறை படிந்த சிரிப்பு

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கு பார்த்தாலும் தலையில் எண்ணெய் வழிய நிற்கும் கூட்டம். குளித்து முடித்தவர்கள் சூடான பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அவர்களில் சிலர் மட்டும் உதட்டைப் பிரிக்காமலே சிரிக்கிறார்கள். முன்பற்களில் உள்ள பழுப்புக் கறைதான் காரணம்.

குற்றாலத்திலிருந்து 5 கி.மீ. தொலைவில் தென்காசி. காசி விஸ்வநாதர் கோயில் கோபுரத்தைத் தாண்டி பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று நெல்லைச் சாலையில் போகப் போக மலை விலகுகிறது, சாரல் நின்று வெயில் ஏறுகிறது. மண்ணோடு தண்ணீரும் மாறுகிறது. அருவியில் விழுவது மலையில் பெய்த மழை. அதில் ஃபுளோரைடு பொதுவாகக் குறைவு. சமவெளியில் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நிலத்தடி நீரிலோ, சில இடங்களில் அது கூடுதலாகக் கரைந்திருக்கும்.

நெல்லைக்கு வடக்கே உள்ள மானூர் வட்டாரத்தில் இப்படிப் பாதிக்கப்பட்ட கிராமங்கள் உண்டு என்பதை 2012-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளிலேயே இந்த அளவு மாறும் என்பதால், ஊரை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

தேய்த்தால் போகாது

‘ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை’ என்று பிள்ளைகளைத் திட்டுவதில் பயனில்லை. சுமார் 8 வயதுக்குள், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே எனாமலில் ஏற்படும் குறை இது. கரித்தூள், உப்பு, உமிச்சாம்பல் என்று போட்டுத் தேய்த்தால் எனாமல் தேய்ந்து பல் கூச்சம்தான் மிஞ்சும்.

பல் மருத்துவத்தில் இதற்குப் படிப்படியான வழிகள் இருக்கின்றன. மேலோட்டமான பழுப்புக் கறையை, மென்மையான அமிலம் கலந்த பசையால் மெல்லத் தேய்த்து எடுக்கும் ‘மைக்ரோ அப்ரேஷன்’ முறையில் போக்கலாம். தேவைப்பட்டால் அதன்பின் ‘ப்ளீச்சிங்’ செய்வார்கள். குழிவிழுந்த, ஓரம் உடைந்த பல்லுக்குப் பல்லின் நிறத்திலேயே ‘காம்போசிட்’ பூச்சு. கறை ஆழமாக இருந்தால் ‘வெனீர்’ எனப்படும் மெல்லிய பீங்கான் தகடு. பல் மிகவும் சிதைந்திருந்தால் மட்டுமே ‘கேப்’.

வெனீருக்கும் கேப்புக்கும் பல்லைச் செதுக்க வேண்டியிருக்கும். செதுக்கிய எனாமல் மறுபடி வளராது. கல்யாணத் தேதி நெருங்கும்போது அவசரப்பட்டு எல்லாப் பல்லுக்கும் கேப் போட்டுக்கொள்வதைவிட, எளிய முறையில் தொடங்குவதே நல்லது. “இதைவிடச் சின்ன சிகிச்சையில் சரியாகாதா?” என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பூச்சும் தகடும் ஆயுளுக்கும் வராது, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். செலவுக்கு யோசிப்பவர்கள் முதலில் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டி ஆலோசனை பெறலாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போர்வெல் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. அளவு கூடுதலாக இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பயன்படுத்துங்கள். அந்தக் குழந்தைக்கு முளைக்கப்போகும் பல்லாவது கறையில்லாமல் வரட்டும்.