மூன்றாவது கம்பி

ஆர்எஸ்-485 இணைப்பில் தரவு ஒரு சோடிக் கம்பியில் போகிறது. ஏற்பி பார்ப்பது இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே. 200 மில்லிவோல்ற் போதும். கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறையச் சமமாக ஏறிக் கழிந்துவிடும். குறைந்த வேகத்தில் 1,200 மீற்றர் வரை இழுக்கலாம்.

ஆகவே எர்த் வேண்டாம் என்பார்கள். அது பிழை. இரு கம்பிகளும் ஏற்பியின் தரையை ஒப்பிட −7 முதல் +12 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். மாத்தளை மாவட்டத்து ரத்தோட்டைப் பக்கத்துச் சரிவில் மேட்டுத் தண்ணீர்த் தாங்கியையும் பள்ளத்துப் பம்பு அறையையும் இணைத்தால், இரு முனை நிலமும் ஒரே மின்னழுத்தத்தில் இராது. மாத்தளையின் ஏப்ரல், ஒக்டோபர் பிற்பகல் இடிமின்னலில் அந்த வித்தியாசம் ஆயிரக்கணக்கான வோல்ற்றாக எகிறும்; சிப் கருகும்.

சிக்னல் தரைக்கென மூன்றாவது கம்பி ஒன்றைச் சேர்த்து, ஒவ்வொரு முனையிலும் 100 ஓம் தடையி வழியாக இணைப்பது வழக்கம். தடையி இல்லாவிட்டால் நிலவேறுபாட்டு மின்னோட்டம் முழுதும் அந்த மெல்லிய கம்பியில் பாயும். கவச உறைக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். 120 ஓம் முடிவுத் தடையிகள் கேபிளின் இரு கடைசியிலும்தான், நடுக்கருவிகளில் அல்ல.

கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் கேபிளுக்கு மின்தனிமை கொண்ட இணைப்பியும் மின்னெழுச்சித் தடுப்பியும் போடாமல் காசு மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம்.