ஐம்பதைத் தொட்ட கால்கள்

ஓசூர் பக்கத்து மத்திகிரியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பனி முழுசாக விலகவில்லை. கால்நடைப் பண்ணைப் பக்கமிருந்து வரும் காற்றில் சாணி வாசம். மைதானத்து ஓரத்தில் அதையும் மீறி வலி மருந்தின் நெடி. பத்துப் பன்னிரண்டு பேர் குட்டிச்சுவரில் உட்கார்ந்து முட்டிக்குப் பட்டை மாட்டுகிறார்கள். எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள், கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்த்துத் தேய்ந்தவர்கள். எதிரணி பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி தாண்டி இரண்டு காரில் வந்திறங்கியிருக்கிறது.

கோல் கீப்பர் மங்கி குல்லாவைக் கழற்றுவதாக இல்லை. இன்னொருவர் கண்ணாடியையும் போனையும் பேரன் கையில் கொடுக்கிறார். குனிய முடியாத ஒருவர் காலைச் சுவர்மேல் தூக்கி வைக்க, கூட்டாளி பேசாமல் வந்து லேசைக் கட்டிவிடுகிறார். பேரன் அந்தப் போனில் சென்னை மேட்ச்சைத் தேடிப் போட்டுவிட்டான்.

"அண்ணா, வயோலாவுக்கு அன்னைக்கு ஐம்பத்தாறு வயசுண்ணா."

"உனக்கு ஐம்பத்திரண்டுதானேடா, ஓடு போ."

2025 மார்ச் 30 அன்று சென்னை நேரு ஸ்டேடியத்தில் பிரேசிலின் முன்னாள் வீரர்கள் இந்தியாவின் முன்னாள் வீரர்களோடு மோதிய ஆட்டம் அது. பிரேசிலுக்குப் பயிற்சியாளர் துங்கா, களத்தில் ரிவால்டோ. வயோலா முதல் கோலைப் போட, கோவாக்காரர் பிபியானோ பெர்னாண்டஸ் பதிலடி கொடுத்தார். ரிக்கார்டோ ஒலிவேரா அடித்த கோலில் 2-1 என்று பிரேசில் ஜெயித்தது.

இங்கே விசில் ஊதியாயிற்று. பாதிக்கு இருபது நிமிஷம்தான், மூச்சு வாங்கினால் யாரும் எப்போது வேண்டுமானாலும் வெளியே வந்து உட்காரலாம். முதல் பத்து நிமிஷம் பார்க்கப் பாவமாகத்தான் இருக்கிறது. பாஸ் எங்கே வரும் என்று மண்டைக்குத் தெரிகிறது, கால் போய்ச் சேர்வதற்குள் பந்து கோட்டைத் தாண்டிவிடுகிறது. பிறகு அந்த லேஸ் கட்டத் தெரியாதவர், இல்லை, கட்ட முடியாதவர், நின்ற இடத்திலேயே பந்தை வாங்கி, இடது தோளை லேசாகச் சாய்க்கிறார். பெங்களூருக்காரர் இடதுபக்கம் பாய, பந்து வலதுபக்கம் போய்விட்டது. ஓடவே இல்லை மனிதர். கோல். எதிரணியிலிருந்தே ஒருவர் "சக்கத் குரு!" என்று கன்னடத்தில் கத்துகிறார்.

வயதான கால்களுக்குக் கோப்பை புதிதில்லை. ஓய்வுபெற்ற வீரர்களுக்கென்றே 1987-இல் பிரேசிலில் பெலே பெயரில் கோப்பை நடத்தினார்கள். அர்ஜென்டினா, இத்தாலி என்று நாடுகள் பழைய ஜெர்சியோடு வந்து இறங்கின. முதல் கோப்பை அர்ஜென்டினாவுக்குப் போயிற்று. சென்னையில் நடந்ததோ ஒரு சாயங்காலக் காட்சி. ரிவால்டோவைப் பார்த்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காட்சி முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெங்களூரு இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். தலைமுறையாகப் பந்து உதைக்கும் தமிழ்க் குடும்பங்கள் உள்ள கோலார் தங்கவயலும் தூரமில்லை. அடுத்த முறை வெளிநாட்டு ஜாம்பவான்களை அழைப்பவர்கள், கூடவே இந்த மாதிரி ஊர் அணிகளுக்கும் ஒரு கோப்பை வைக்கட்டும். பரிசுப் பணம்கூட வேண்டாம், பிசியோ ஒருவரை அனுப்பினால் போதும்.