பாசிட்டிவ் என்று படித்தேன்

(மூன்றாமாண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு)

எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என் கையில்தான் கொடுப்பார்கள். பேங்க் நோட்டீஸ், எல்.ஐ.சி. கடிதம்... "அவன்தான் பாலிடெக்னிக் படிக்கிறானே!" அப்படித்தான் மாமாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டும் என் கைக்கு வந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. டி.வி. மெக்கானிக். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்தவர். 38 வயதில் ஒருநாள் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேனில் மூளையின் முன்பகுதியில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து, எடுக்க முடிந்தவரை எடுத்தார்கள். அதன் பிறகு ரிப்போர்ட்.

நண்பர்களே, அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டே படித்தேன். முதல் இரண்டு வரி சுத்தமாகப் புரியவில்லை. மூன்றாவது வரியில் "ஐ.டி.எச்.1 – பாசிட்டிவ்". எனக்குத் தெரிந்த பாசிட்டிவ் எல்லாம் கெட்ட செய்திதான். மலேரியா பாசிட்டிவ், கொரோனா பாசிட்டிவ்... "பாசிட்டிவ்னு போட்டிருக்கும்மா" என்றேன். அவ்வளவுதான், அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அத்தை அழவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடி, திறந்து மூடி... அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்த வரியில் "கே.ஐ.67 – 4 சதவீதம்". ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நாலு பர்சென்ட்தான் கேன்சராம் அத்தை" என்று வேறு உளறினேன். இரண்டுமே தப்பு.

மனசு கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட டாக்டரைப் பார்க்க லேபுக்கே போனேன். அந்த மேடம் விரட்டவில்லை. "என்ன தம்பி படிக்கிற?" என்று விசாரித்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனியச் சொன்னார். நூற்றுக்கணக்கான நீலப் புள்ளிகள். நடுநடுவே ஒன்றிரண்டு பழுப்பு.

மெழுகில் பதித்த கட்டித் துணுக்கை ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவுகிறார்கள். அதன் மேல் ஆன்டிபாடியை விடுகிறார்கள். தான் தேடும் புரதம் இருந்தால்தான் அது ஒட்டும். ஒட்டின இடத்தை ஒரு ரசாயனம் பழுப்பாக்கிக் காட்டும். மற்ற உட்கருக்களுக்கு நீலச் சாயம்.

கே.ஐ.67 என்பது பெருகும் சுழற்சியில் இருக்கிற செல்லின் உட்கருவில் இருக்கும் புரதம். ஓய்வில் இருக்கிற செல்லில் அது இருக்காது. ஆக, மாமாவின் 4 சதவீதம் கேன்சரின் அளவல்ல. நூறு கட்டிச் செல்லில் நான்கு, பெருகும் வேலையில் இருக்கின்றன என்று அர்த்தம். 1983-ல் இதைப் பற்றி எழுதியவர்கள் ஜெர்மனியின் கீல் நகரத்துக்காரர்கள். 'கே.ஐ.' அந்த ஊர்ப் பெயர். 67, சோதனைத் தட்டில் இருந்த குழியின் நம்பர். முதலில் உறையவைத்த திசுவில்தான் வேலை செய்ததாம். 1992-ல் எம்.ஐ.பி.-1 என்ற ஆன்டிபாடியோடு, சீவலை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கும் முறையும் சேர்ந்த பிறகு மெழுகுத் துணுக்கிலும் பார்க்க முடிந்தது. (சாதம் சூடு பண்ணுகிற அதே மைக்ரோவேவ்தான்! மாமா எத்தனையை ரிப்பேர் பார்த்திருப்பார்!)

"அப்போ நாலுன்னா கிரேடு ரெண்டா மேடம்?"

"அப்படி ஒரே நம்பரை வச்சு சொல்ல முடியாது தம்பி. எந்த இடத்தை எண்ணுறோம், எந்த லேப்ல சாயம் போட்டாங்க, யார் எண்ணுறாங்க... எல்லாத்துக்கும் மாறும். செல் எப்படி இருக்கு, எத்தனை பிரிஞ்சுக்கிட்டிருக்கு, செத்த பகுதி இருக்கா, புது ரத்தக்குழாய் கிளம்பியிருக்கான்னுதான் முதல்ல பார்ப்போம். இது துணைக்கு."

பிறகு பாசிட்டிவுக்கு வந்தார். ஐ.டி.எச்.1 ஒரு என்சைம். அதன் 132-வது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்கார்ந்தால் இந்த ஆன்டிபாடி கண்டுபிடித்துவிடும். மூளைக் கட்டியில் இந்த மாற்றம் உண்டு என்று தெரிந்ததே 2008-ல்தான். மாற்றம் உள்ளவர்கள், அது இல்லாத அதே மாதிரிக் கட்டிக்காரர்களைவிட அதிக காலம் இருக்கிறார்கள். 2021-ன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, பெரியவர்களுக்கு இந்த மாற்றம் இல்லாமல், வேறு சில ஜீன் மாற்றங்கள் இருந்தால், பார்க்கச் சாதுவாக இருக்கும் கட்டியும் கிரேடு 4 ஆகிவிடும். நான் அம்மாவை அழவைத்த அந்த ஒரு வரிதான் ரிப்போர்ட்டிலேயே நல்ல வரி!

இதற்கு நேர்மாறாக, "ஏ.டி.ஆர்.எக்ஸ்." என்ற புரதம் கட்டிச் செல்களில் காணவில்லை. பக்கத்து ரத்தக்குழாய்ச் செல்களில் மட்டும் பழுப்பாக இருந்தது. அதை வைத்துத்தான் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வார்களாம். ஒன்று இருந்ததும் இன்னொன்று இல்லாததும் சேர்ந்து 'அஸ்ட்ரோசைட்டோமா' என்றன. சி.டி.கே.என்.2ஏ என்ற ஜீன் முழுசாகத் தொலைந்திருந்தால் இதுவும் கிரேடு 4-தான். அந்தச் சோதனை முடிவு தனியாக வந்தது. தொலையவில்லை. கிரேடு 2.

படியிறங்கும்போது கால் நடுங்கியது. "நான் தப்பாப் படிச்சிட்டேன்" என்று சொல்வது அவ்வளவு லேசாக இல்லை.

"அப்போ சரியாப் போயிருமாடா?" என்றார் அத்தை.

சரியாகிவிடும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. மேடம் சொன்னதை மட்டும் சொன்னேன். மெதுவாக வளரும் வகை. ஆனால் திரும்ப வரலாம், வருஷங்கள் போகப்போக கிரேடு ஏறவும் செய்யலாம். விடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பையை மூடினார்.

மாமா இப்போது கடையில் உட்காருகிறார். வலிப்பு மாத்திரை தொடர்கிறது. வராந்தாக் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு பாயின்ட்ல வோல்டேஜ் வரலேன்னு போர்டையே தூக்கிப் போட்டுருவியா மாப்ள? இதையா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?"

சித்திரையில் அடுத்த ஸ்கேன். ரிப்போர்ட்டைத் தானே வாங்கிக்கொள்வாராம். என் கையில் மட்டும் கொடுக்கக் கூடாது என்று இப்போதே அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறார்.