பலகைச் சந்தும் பெயின்ட் டப்பாவும்

பழைய வள்ளம் கரையேறியதும் என்ன நிறம் அடிக்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நான் முதலில் உளியைப் பலகைச் சந்துக்குள் விட்டுப் பார்ப்பேன். உள்ளே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்த டப்பாவையும் திறக்கக் கூடாது.

பாக் நீரிணைக் கரையில் கலப்பத்து அடித்த, அதாவது சந்தில் திரி திணித்து அடைத்த, பழைய வள்ளம் என்றால் கறுத்த பருத்தித் திரியும், எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியமும் வரும். அந்த எண்ணெய் பலகை ஓரமெல்லாம் ஊறிக் கிடக்கும். அதன்மேல் பாலியூரித்தேன் சீலன்ட்டைப் பிதுக்கினால் பிடிக்காது. காய்ந்தபின் நகத்தால் கிள்ளினாலே நாடாவாக உரிந்து வரும். ஒன்று, எண்ணெய் இறங்கிய மரத்தைச் சுரண்டிப் புது மரம் காட்ட வேண்டும். இல்லையென்றால் பழையபடி குங்கிலியத்துக்கே போக வேண்டும். ஓரம் மெலிந்த பழம்பலகையை மேலும் சுரண்ட எனக்கு மனம் வராது. குங்கிலியம்தான்.

பலகை நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் தண்ணீர் குடித்து ஊதும், சந்து நெருங்கும். காய்ந்து கிடக்கும் சந்தில் எபாக்சியை ரொப்பினால் அது கல்லாகி நிற்கும். ஊதும் பலகைக்குப் போக இடமில்லை. ஆணியை இழுக்கும், வங்கு என்ற விலாச்சட்டத்தையும் முறிக்கும். வளைந்து கொடுக்கும் பொருளைக்கூட விளிம்புவரை நிரப்பாமல் சற்றுப் பள்ளமாகவே விடுவேன். சிலிக்கோன் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது. முழுப் படகுக்கும் ஃபைபர் போர்த்திவிடலாம் என்பார்கள். ஃபைபருக்கும் பலகைக்கும் நடுவே நீர் புகுந்தால் மரம் கண்ணுக்குத் தெரியாமலே உளுத்துப்போகும்.

நீர்மட்டத்துக்குக் கீழே கடலுயிர் ஒட்டாமல் தடுக்கும், தாமிர ஆக்சைடு கலந்த ஆன்டிபவுலிங் பெயின்ட். கொட்டலசு படிவதைவிடக் கப்பல் புழுதான் எனக்குப் பயம். குஞ்சாக ஊசித்துளை வழியே நுழைந்து மரத்துக்குள்ளேயே வளரும். அதனால் ஏரா என்ற அடிக்கட்டையின் கீழே ஒரு கீறல்கூட விடாமல் பார்ப்பேன். இரும்பு ஆணித் தலையில் தாமிரம் நேராகப் பட்டால் துரு வேகமாகும். முதலில் பிரைமர் வேண்டும். தினமும் மணலில் இழுத்து ஏற்றும் படகுக்கு இந்தப் பெயின்ட் வீண் செலவு, மணலே தேய்த்துவிடும். இந்தத் தாமிரப் பெயின்ட்டைவிடக் கொடிய டின் கலவை பெயின்ட்டுகளைத் தடுக்கும் சர்வதேச ஒப்பந்தம் 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. சிப்பிகளுக்கு அவை செய்த கேடு அவ்வளவு. பழைய சிவப்புப் பூச்சில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, நனைத்து, முகமூடியோடுதான்.

மேல்பகுதிக்குச் சாதாரண எனாமல் போதும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். அடர்நிறம் வெயிலை இழுத்துப் பலகையை உலர்த்திச் சந்தைத் திறந்துவிடும். உள்பக்கம் பெயின்ட் போட்டு அடைக்காமல் எண்ணெய் பூசி, மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நல்லது. மரத்தை உப்புநீரைவிட நன்னீர்தான் சீக்கிரம் அழுகவைக்கும்.

இறக்கிய அன்று கசியத்தான் செய்யும். உரிமையாளர் பதறி, இன்னும் திரி அடி என்பார். அப்போது இறுக்கிவிட்டால் ஊதும்போது பலகை நெருக்குண்டுபோகும். பம்ப் வைத்து இறைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் விடச் சொல்வேன். அதற்குப் பிறகும் எந்தச் சந்து கசிகிறதோ, அதில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, அதை மட்டும் அடிப்பேன்.