வால்வு மேல் விழும் பழி

வால்வு ஆம்ப்ளிஃபயரில் என்ன கோளாறு வந்தாலும் முதல் பழி வால்வு மேல்தான் விழும். சால்டரிங் அயர்ன் இல்லாமல் கையாலேயே பிடுங்கி மாட்டக்கூடிய பாகம் அது என்பதுதான் காரணம். எதை மாற்றுவது சுலபமோ அதையே குற்றவாளி ஆக்கிவிடுகிறோம். என் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். சர்வர் தடுமாறினால் ரீஸ்டார்ட் செய்வார்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். ஏன் தடுமாறியது என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

நைனார்பாளையத்தில் என் பெரியப்பா மைக்செட் வைத்திருந்தவர். திருவிழா, காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர் கட்டும் குழாய் ஸ்பீக்கர்தான். டிரான்சிஸ்டர் செட்டுகள் வந்ததும் பழைய ஆம்ப்ளிஃபயரைப் பரணில் ஏற்றிவிட்டார். போன வருஷம் அவர் பேரன் அதை இறக்கி, கிராமபோன் இன்புட்டில் கிட்டாரைச் சொருகினான். உள்ளே இருப்பவை இரண்டு ஈஎல்34. மார்ஷல் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் பேர் வாங்கிய அதே வால்வு.

அரை மணி நேரத்தில் ஒரு வால்வின் பிளேட் அடுப்புத் தணல் மாதிரி சிவந்தது. டவுனில் ஒரு மெக்கானிக் புது வால்வு போட்டு, பத்து நிமிஷம் பாடவிட்டுக் காட்டினார். வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் ஓடியதும் அதுவும் சிவந்தது. பையன் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்ச் சேர்த்த காசு அந்த ஒரு வால்வோடு தீர்ந்துவிட்டது.

"புதுசு மாட்டுனா பாடத்தான் செய்யும். எவ்ளோ நேரத்துக்குன்னு கேளுடா" என்றார் பெரியப்பா.

அவருடைய முதல் பாடம் உயிர் சம்பந்தப்பட்டது. சுவிட்சை அணைத்தாலும் ஃபில்டர் கண்டன்சரில் 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வழியாக அதை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் உள்ளே விரல் போகவேண்டும்.

அடுத்து, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னார். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் கோளாறு வால்வில். அதே சாக்கெட்டில் நின்றால் சர்க்யூட்டில். காசு செலவில்லாத சோதனை. சிவப்பு அதே சாக்கெட்டில்தான் நின்றது.

செட்டை அணைத்து, வடித்து, அந்த சாக்கெட்டின் 5-வது பின்னில், அதாவது கிரிட்டில், மீட்டரின் கிளிப்பை மாட்டினேன். இந்த செட்டில் அங்கே டிசி பூஜ்யமாக இருக்கவேண்டும். சுவிட்சைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிஷம் பூஜ்யம். பிறகு 2, 5, 9 என்று ஏறி 14 வோல்ட்டில் நின்றது.

அப்போதும் அவர் அவசரப்படவில்லை. "சூடான வால்வும் கிரிட்டை ஏத்தும்டா. கழட்டிட்டுப் பாரு." கழற்றிய பிறகும் வோல்ட் இறங்கவில்லை. முந்தைய கட்டத்தின் சத்தத்தைக் கடத்தி, டிசியைத் தடுக்கவேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர், சூடேறியதும் கசிகிறது. அதன் ஒரு காலை எடுத்துவிட்டோம். கிரிட் பூஜ்யத்துக்கு வந்தது. குளிர்ந்த நிலையில் தனியாகக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் அதே கண்டன்சர் சரியான அளவைக் காட்டியது. கசிவு தெரிய சூடும் வோல்டேஜும் வேண்டும். மெக்கானிக்கின் பத்து நிமிஷத்தில் அது மாட்டாமல் போனதும் அதனால்தான்.

கண்டன்சர் டீ வடை காசுக்குக் கிடைத்தது. அதைப் பற்றவைத்த பிறகு, மெக்கானிக் 'செத்துப்போச்சு' என்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்த முதல் வால்வை மாட்டச் சொன்னார் பெரியப்பா. கேத்தோட் ரெசிஸ்டரில் வோல்ட் அளந்து கரண்ட் கணக்குப் போட்டோம். இரண்டு வால்வும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

ஒரு மணி நேரம் பையன் வாசித்தான். எதுவும் சிவக்கவில்லை. கிழங்குக் காசில் வாங்கிய வால்வு இப்போது பரணில், உபரியாக இருக்கிறது.