மணற்காட்டிற்கு ஏற்ற வண்டி

பருத்தித்துறையிலிருந்து தென்கிழக்கே சென்று, வல்லிபுர ஆழ்வாரைத் தரிசித்து அப்பாற் போனால் மணற்காடு தோன்றும். மணலிற் புதைந்த பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிபாடும் சவுக்கந் தோப்பும் அதன் அடையாளங்கள்.

சென்ற மாசியில், நான்கு சில்லுகளையும் எஞ்சின் ஒருங்கே சுழற்றும் திறந்த வண்டியொன்றை வாங்க விரும்பிய மைத்துனருடன் நாமும் அங்கு சென்றோம். "எஞ்சின் பெரிதானாற் போதும்" என்பது அவர் கொள்கை. பரீட்சைக்குக் கொணர்ந்த கனத்த வண்டியோ சிறிது தூரத்திலேயே அச்சுவரை புதைந்தது.

வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்தார். "தம்பி, சில்லுக் காத்தைப் பாதி இறக்குங்கோ" என்றார். இறக்கினோம். சில்லு பரந்தது, பாரமும் பரந்தது, வண்டி மேலேறியது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு அல்லவா? பாரங் குறைந்த நடுத்தர வண்டியே மணலுக்குத் தகுமெனத் தெளிந்தோம். மணலைக் கட்டிவைத்திருக்கும் அக்கொடிகளை மிதியாது, பழகிய தடத்திலேயே திரும்பினோம்.

மைத்துனருக்கு வேட்டை ஆசையும் இருந்தது. தெற்கேயுள்ள சுண்டிக்குளமோ 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே துவக்குக்கு இடமில்லை. பூநாரைகளைக் காணத் தொலைநோக்கி போதும் என்றோம். மைத்துனர் சிறிது யோசித்துச் சிறிய வண்டிக்கே சம்மதித்தார். தொலைநோக்கியை நம்மிடம் இரவல் கேட்டார்!