லைக்கா கேமராவும் ஒரு மாணவனின் வினாவும்



சில வாரங்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. தேர்வுத்தாள் திருத்தும் பணி ஒருபுறம். என் வகுப்பு மாணவன் ஒருவன் எழுப்பிய வினா மறுபுறம். தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். வினாவோ இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தொடக்கம் மிக எளியது. பள்ளியின் பழைய அலமாரியைத் துப்புரவு செய்தபோது, பல ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுப் போட்டிப் படங்களும் அவற்றின் படச்சுருள் துண்டுகளும் கிடைத்தன. ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் காட்டினேன். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை! கைப்பேசியிலேயே படம் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? ஒரு மாணவி அதனை வெளிச்சத்திற்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, “எல்லாருக்கும் தலைமுடி வெள்ளையாக இருக்கிறதே, ஐயா!” என்றாள். வகுப்பே சிரித்தது.

ஒளி பட்ட இடம் கறுப்பாகவும் படாத இடம் வெளுப்பாகவும் சுருளில் பதியும் என்று விளக்கினேன். பிறகு அடிக்கோலால் ஒரு கட்டத்தை அளக்கச் சொன்னேன். நீளம் 36 மில்லிமீட்டர், உயரம் 24 மில்லிமீட்டர். எல்லாத் துண்டுகளிலும் அதே அளவு. “ஏன் ஐயா இந்த அளவு? யார் முடிவு செய்தது?” என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அப்படித் தேடப் போன இடத்தில்தான் லைக்காவின் கதையைச் சந்தித்தேன்.

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் வெட்ஸ்லார் என்றொரு சிறு நகரம் உள்ளது. அங்கே 1849ஆம் ஆண்டு கார்ல் கெல்னர் என்னும் இளைஞர் லென்ஸ் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். 1855இல், தம் 29ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். 1864இல் அப்பட்டறையில் சேர்ந்த எர்ன்ஸ்ட் லைட்ஸ் என்பவர், 1869இல் அதன் முழு உரிமையாளரானார். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் விரும்பி வாங்கிய நுண்ணோக்கிகளால் அந்நிறுவனம் உலகப் புகழ் பெற்றது. அதுவரை அங்கே நிழற்படக் கருவி என்ற பேச்சே முதன்மையாக இல்லை.

1911இல் ஆஸ்கார் பார்னாக் என்னும் இயந்திரக் கலைஞர் அங்கு வேலைக்கு வந்தார். அவருக்குப் படம் எடுப்பதில் பெருவிருப்பம். ஆனால் ஆஸ்துமா நோயாளி. அக்காலத்துக் கேமராவோ பெரிய மரப்பெட்டி. கண்ணாடித் தகடுகளையும் முக்காலியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தால் மூச்சு வாங்கும். ‘சிறிய படமாக எடுத்து, பின்னர் அதனைப் பெரிதாக்கிக்கொண்டால் என்ன?’ என்று அவர் சிந்தித்தார்.

அவர் கையிலெடுத்தது திரைப்படத்திற்குப் பயன்பட்ட 35 மில்லிமீட்டர் படச்சுருள். திரைப்படத்தில் சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒரு கட்டத்தின் அளவு 18க்கு 24 மில்லிமீட்டர். பார்னாக் அச்சுருளைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, இரண்டு கட்டங்களை ஒன்றாக இணைத்தார். 24க்கு 36 ஆனது! என் மாணவர்கள் அடிக்கோலால் அளந்த அளவு அதுதான். மூச்சிரைக்கும் ஒரு மனிதர் தம் தோள்சுமையைக் குறைக்க எண்ணியதால் பிறந்த அளவு, பின்னர் உலகம் முழுவதற்கும் பொது அளவாகிவிட்டது.

அவருடைய முதல் மாதிரிக் கருவி 1914இல் ஆயத்தமாக இருந்தது. அவ்வாண்டு, நிறுவனரின் மகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் அவ்வகைக் கருவி ஒன்றை அமெரிக்காவிற்கு எடுத்துச் சென்று நியூயார்க் வீதிகளைப் படம் பிடித்தார். அதற்குள் முதல் உலகப் போர் வந்து முயற்சி தடைப்பட்டது. 1920இல் தந்தை மறைய, மகன் பொறுப்பேற்றார். 1923இல் ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு படுவீழ்ச்சி அடைந்தது. ஒரு ரொட்டி வாங்கக் கோடிக்கணக்கில் பணம் கொடுக்க வேண்டிய காலம் அது. அந்த ஆண்டில்தான் இருபதுக்கும் சற்று மேற்பட்ட சோதனைக் கருவிகள் செய்யப்பட்டன. பலருக்கும் ஐயம்தான். ‘இத்தனை சிறிய பெட்டியை யார் வாங்குவார்?’ என்றார்கள். 1924இல் நடந்த நீண்ட கூட்டத்தின் முடிவில், உற்பத்தியைத் தொடங்குவதென இரண்டாம் லைட்ஸ் துணிந்து தீர்மானித்தார்.

மாக்ஸ் பெரெக் என்னும் அறிஞர் லென்ஸை வடிவமைத்தார். 1925ஆம் ஆண்டு லைப்ஸிக் வசந்தக் கண்காட்சியில் கருவி விற்பனைக்கு வந்தது. லைட்ஸ் என்பதன் முதற்பகுதியும் கேமரா என்பதன் முதற்பகுதியும் சேர்ந்து ‘லைக்கா’ என்ற பெயர் உருவானது.

அதன் பிறகு நிழற்படக் கலையே மாறிவிட்டது. சட்டைப்பையில் அடங்கும் கருவி. ஒரே சுருளில் 36 படங்கள். மக்கள் தம்மை மறந்திருக்கும் கணத்தையும் பதிவு செய்யலாம். பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் லைக்காவைத் தம் கண்ணின் நீட்சியாகவே கருதினார். ஜெர்மானிய யூதரான ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட், 1933இல் ஜெனீவாவில் நாஜி அமைச்சர் கோயபல்ஸின் வெறுப்புமிழும் முகத்தை லைக்காவால்தான் பதிவு செய்தார். இரண்டே ஆண்டுகளில் அவர் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேற நேர்ந்தது.

இனிதான் கதையின் முதன்மையான பகுதி.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர்களின் வாழ்வு நெருக்கடிக்கு உள்ளானது. வெட்ஸ்லார் நகரத்து யூதர்கள் சிலர் இரண்டாம் லைட்ஸிடம் உதவி கேட்டு வந்தனர். அவர் தயங்கவில்லை. யூத இளைஞர்களைத் தொழில் பயிலுநர்களாகச் சேர்த்துக்கொண்டார். பின்னர், ‘வெளிநாட்டுக் கிளைக்கு அனுப்புகிறோம்’ என்ற பெயரில் அவர்களையும் பிற யூதப் பணியாளர்களையும் நியூயார்க்கிற்குக் கப்பலேற்றினார். அங்கே ஐந்தாம் அவென்யூவில் இருந்த லைட்ஸ் அலுவலகம் அவர்களுக்கு வேலை தேடித் தந்தது; வேலை கிடைக்கும் வரை செலவுக்குப் பணமும் தந்தது. வந்தவர்கள் கழுத்தில் ஒரு புதிய லைக்கா தொங்கியதாம். பிழைக்க வழியில்லையெனில் விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம் அல்லவா? 1938 நவம்பரில் யூதக் கோயில்கள் தீக்கிரையான பிறகு இப்பணி மேலும் விரைவுபட்டது. 1939 செப்டம்பரில் போர் மூண்டு எல்லைகள் மூடப்பட்டதும் நின்றுபோனது.

இதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு உயரதிகாரி ஆல்ஃபிரட் டுர்க், யூதர்களுக்கு உதவியதற்காகச் சிறை சென்றார். லைட்ஸின் மகள் எல்ஸி குன்-லைட்ஸ், ஒரு யூதப் பெண்மணி சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச் செல்லத் துணைநின்றதால் 1943இல் கெஸ்டாப்போவிடம் சிறைப்பட்டு விசாரணைக்கு ஆளானார். போர் முடிந்த பிறகும் இக்குடும்பத்தார் தாம் செய்ததைப் பறைசாற்றிக்கொள்ளவில்லை. இலண்டனில் வாழும் யூத மதகுரு ஃபிராங்க் டாபா ஸ்மித் பல ஆண்டுகள் ஆய்ந்து இச்செய்திகளை வெளிக்கொணர்ந்தார். 2007இல் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்புக் கழகம், மறைந்த லைட்ஸுக்கு விருதளித்துச் சிறப்பித்தது. ‘லைக்கா விடுதலை இரயில்’ என்று இன்று இதனைக் குறிப்பிடுகிறார்கள்.

நன்னெறிக் கல்விக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஏது? ‘துணிவு’ என்னும் தலைப்பில் இக்கதையைச் சொன்னேன். வகுப்பறை அமைதியாகக் கேட்டது. எனக்கும் பெருமிதம்தான்.

அடுத்த வாரம், எப்பொழுதும் கடைசி வரிசையில் அமரும் மாணவன் ஒருவன் கையுயர்த்தினான். வீட்டில் அண்ணனின் துணையோடு இணையத்தில் தேடியிருக்கிறான்.

“ஐயா, அந்தத் தொழிற்சாலையில் உக்ரைன் நாட்டுப் பெண்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து வேலை வாங்கினார்களாமே? உண்மையா?”

“உண்மைதான்” என்றேன்.

அவன் சற்றுத் தயங்கினான். “என் கொள்ளுத்தாத்தாவைச் சப்பான்காரர்கள் சயாமுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்கள், ஐயா. திரும்பி வரவே இல்லை. தாத்தா அப்பொழுது கைக்குழந்தையாம். அந்தப் பெண்களையும் அப்படித்தானே கொண்டுவந்திருப்பார்கள்? அப்படியானால் லைட்ஸ் நல்லவரா, கெட்டவரா?”

நண்பர்களே, என்னால் உடனே பேச முடியவில்லை. சயாம் மரண இரயில் பாதையில் நம் தோட்டப்புற மக்கள் பல்லாயிரவர் பட்ட பாட்டை நாம் அறிவோம். ‘விடுதலை இரயில்’ என்று நான் உற்சாகமாகச் சொன்னபோது, அந்தச் சிறுவனின் நெஞ்சில் வேறோர் இரயில் ஓடியிருக்கிறது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் கேட்ட செய்தி எனக்குப் புதியதன்று. அதனை நான் முன்பே படித்திருந்தேன். போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை ஜெர்மானியப் படைக்குப் பார்வைக் கருவிகள் செய்து கொடுத்தது. கிழக்கு நாடுகளிலிருந்து வலிந்து கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கு உழைத்தனர். மக்களாட்சியை ஆதரித்த கட்சியில் முன்னர் இருந்த லைட்ஸ், 1942இல் நாஜிக் கட்சியில் உறுப்பினராகவும் சேர்ந்தார். யூதர்களைக் காத்த கருவியின் உடன்பிறப்புகளே நாஜிப் பரப்புரைப் படையினரின் கைகளிலும் இருந்தன. இவை அனைத்தையும் தெரிந்துகொண்டே பாடத்திலிருந்து நீக்கியிருந்தேன். ஏன்? பாடவேளை குறைவு, பிள்ளைகள் குழம்புவார்கள், களங்கமில்லாத கதை மனத்தில் எளிதில் பதியும். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் இவை.

அன்று திட்டமிட்ட பாடத்தை ஒதுக்கி வைத்தேன். “நான் பாதிக் கதையைத்தான் சொன்னேன். அது என் தவறு” என்று மாணவர்களிடம் கூறிவிட்டு, மீதியையும் சொன்னேன். கூடவே இன்னொன்றையும் சொன்னேன். எல்ஸி அம்மையார், அந்த உக்ரைன் பெண்கள் தங்கியிருந்த இடத்தின் அவல நிலையைக் கண்டு, அதனைச் சீர்செய்ய முயன்றார். அவர் சிறைப்பட்டபோது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் அதுவும் ஒன்று: அப்பெண்களிடம் அளவுக்கு மீறி இரக்கம் காட்டினாராம்! இரக்கமே குற்றமாகிய நாட்டில் அவர்கள் வாழ்ந்தார்கள்.

மாணவர்கள் வாதிட்டார்கள். “தொழிற்சாலை அவர் கையில் இருந்ததால்தான் யூதர்களைக் காப்பாற்ற முடிந்தது” என்றான் ஒருவன். “அந்த அக்காமார்களை யார் காப்பாற்றினார்கள்?” என்று கேட்டாள் ஒரு மாணவி. இரண்டுமே சரியான பேச்சுதான். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வினா எழுப்பியவனிடம் மட்டும், “உன் கொள்ளுத்தாத்தாவை நினைத்து நீ கேட்டது சரியான கேள்வி. அதனைக் கேட்காமல் லைட்ஸைப் புகழ்வது நியாயமாகாது. அவர் காப்பாற்றியவர்களை மறந்து அவரை இகழ்வதும் நியாயமாகாது” என்றேன். அவன் முழு நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அன்று மாலை, கரும்பலகையை அழிக்க அவனே முன்வந்தான்.

அந்நிறுவனத்தின் பிற்காலக் கதையையும் கேட்டார்கள். 1954இல் வெளிவந்த எம்3 கருவி அதன் புகழை உச்சிக்குக் கொண்டு சென்றது. பின்னர் சப்பானியக் கருவிகள் சந்தையைப் பிடித்தன. 1988இல் கேமராத் தொழில் அருகிலிருந்த சோல்ம்ஸ் என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தது. மின்னியல் கேமராக்கள் பெருகிய காலத்தில் மாற்றத்திற்குத் தாமதமாக ஈடுகொடுத்ததால், 2005இல் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதில் முதலீடு செய்து மீட்டவர் ஆண்ட்ரியாஸ் கௌஃப்மன். அவர் முன்னாளில் பள்ளி ஆசிரியர் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி! 2014இல் லைக்கா மீண்டும் வெட்ஸ்லாருக்கே திரும்பியது. 2022இல், பார்னாக் தம் கையால் பயன்படுத்திய சோதனைக் கருவி ஒன்று ஏலத்தில் 1 கோடியே 44 இலட்சம் யூரோவுக்கு விலைபோனது. அதே ஆண்டில், படச்சுருளில் இயங்கும் எம்6 கருவியை நிறுவனம் மறுபடியும் வெளியிட்டது. லைக்கா விற்பனைக்கு வந்து 2025இல் நூறாண்டு நிறைவடைந்தது.

பெற்றோர்களே, ஆசிரியர்களே! பெரியோரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நாம் அன்பினால்தான் சில பகுதிகளை மறைக்கிறோம். ஆனால் எந்தக் குடும்பத்தின் வலி எந்தப் பிள்ளையின் உள்ளத்தில் உறைந்திருக்கிறது என்பதை நாம் அறியோம். நாம் மறைத்த பகுதியை அவர்கள் தாமே கண்டுபிடித்தால், சொன்ன நல்ல பகுதியையும் நம்ப மறுப்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முழுக்கதையையும் தாங்கும் வலிமை உண்டு என்பதை அன்று என் வகுப்பில் கண்டேன்.

அந்தப் படச்சுருள் துண்டுகளை ஓர் உறையிலிட்டு வகுப்பறையிலேயே வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களும் அடிக்கோலால் அளப்பார்கள். ஏன் இந்த அளவு என்று கேட்பார்கள். இம்முறை கதையை முழுமையாகவே சொல்வேன்.